வளவைத் தொடாமல் அறை சேர்த்தோம்: ஓர் ஆத்தங்குடிப் பட்டறையின் ஈ.ஆர்.பி. நிகழ்வு ஆய்வு

2023 ஜூலை மாதத் தொடக்கம். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள் ஆகஸ்ட் 1 முதல் மற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிந்து எண் வாங்கும் பில்) எடுத்தே ஆகவேண்டும் என்று ஜி.எஸ்.டி. அறிவிப்பு வந்திருந்தது. ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையும் காரைக்குடியில் சிமெண்ட், பெயிண்ட் கடையும் வைத்து, இரண்டையும் ஒரே கணக்கில் நடத்துகிற ஒரு குடும்பம் அந்த வரம்பைத் தாண்டியிருந்தது. கையில் இருந்ததோ நான்கு வாரம்.

அவர்களிடம் ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் இருந்தது. மும்பையில் பிறந்த ஓப்பன் சோர்ஸ் மென்பொருள், அதாவது உள்ளே இருப்பதை யாரும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம்; கொள்முதல், சரக்கு, உற்பத்தி, கணக்கு எல்லாம் ஒரே இடத்தில். அவர்கள் வைத்திருந்தது 13-ஆம் பதிப்பு. 2022-இலேயே 14 வந்துவிட்டது. அதில் இந்திய ஜி.எஸ்.டி. பகுதியை மூல மென்பொருளிலிருந்து பிரித்து, இந்தியா கம்ப்ளையன்ஸ் என்று தனி ஆப்பாக ஆக்கிவிட்டார்கள். சம்பளம், ஊழியர் பகுதியும் அப்படியே தனியாகப் போனது. 14-க்கு ஏறினால் இ-இன்வாய்ஸ் வேலை பெரும்பாலும் முடிந்த மாதிரிதான்.

ஏற முடியவில்லை. அப்டேட் கட்டளை கொடுத்தால், இந்த ஆப்புக்குள் நீங்கள் செய்த மாற்றங்கள் இருக்கின்றன என்று சொல்லி அதே இடத்தில் நின்றது. ரீசெட் என்று சேர்த்துக் கொடுத்தால் போகும். ஆனால் அந்த மாற்றங்கள் அத்தனையும் துடைத்துக்கொண்டு போய்விடும். கடை நடப்பதே அந்த மாற்றங்களை நம்பித்தான். மென்பொருள் வேலை பார்க்கும் எங்களைக் கூப்பிட்டது இதற்காகத்தான்.

உள்ளே இருந்தது என்ன

முன்பு வேலை பார்த்தவர் திறமைசாலி. அவர் எழுதிய கோடை, அதாவது நிரலை, படித்ததுமே தெரிந்தது. பட்டறைக்காரர் கேட்டதையெல்லாம் கேட்ட அன்றே செய்து கொடுத்திருக்கிறார். எங்கே செய்தார் என்பதில்தான் சிக்கல். மென்பொருளோடு வந்த கோப்புகளைத் திறந்து, அந்த வரிகளுக்கு நடுவிலேயே தன் வரிகளையும் எழுதிவிட்டார்.

மூலக் கோடையும் அவர்கள் சர்வரில் இருந்த கோடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பதினான்கு இடங்களில் மாற்றம். எந்த இடத்திலும் ஏன் மாற்றினார் என்று ஒரு வரிக் குறிப்புகூட இல்லை. ஓர் இடத்தில் சிமெண்டுக்கு 28 சதவீதம் என்று எண்ணையே கோடுக்குள் எழுதியிருந்தார். இன்னோர் இடத்தில் காரைக்குடிக் கிடங்கின் பெயர். மற்றோர் இடத்தில், சமர்ப்பித்து முடித்த பில்லையும் திருத்தலாம் என்று ஒரு தடையை எடுத்துவிட்டிருந்தார். ஒரு மாற்றம் எதற்கு என்று வீட்டில் யாருக்குமே தெரியவில்லை.

அண்ணனிடம் (பட்டறைக்காரரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். கிட், கான்ஃபிளிக்ட் என்று பேசிப் பயனில்லை. அவர்கள் வீட்டு வளவில்தான் உட்கார்ந்திருந்தோம். நடுவில் முற்றம், சுற்றி அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனும் தனிப் புள்ளி. வேறு வைத்ததும், அதாவது தனிக் குடித்தனம் ஆக்கியதும், அவனுக்கென்று ஓர் அறை, ஓர் அடுப்பு. அறைக்குள் அவன் என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். வளவும் முகப்பும் பொது. தூணை நகர்த்தும் உரிமை எந்தப் புள்ளிக்கும் கிடையாது.

"அண்ணே, உங்க சாஃப்ட்வேர்ல ஒரு புள்ளி தன் அறைக்குப் பதிலா வளவுத் தூண்ல ஆணி அடிச்சிருக்கு. இப்ப வளவுக்கு மராமத்து வந்திருக்கு. ஆணியைப் பிடுங்காம தூணை மாத்த முடியாது."

உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஆச்சிதான் முதலில் பேசினார். "அப்ப அந்தச் சாமானையெல்லாம் ஒரு அறையில கொண்டுபோய் வைங்கப்பா. இதுக்கு ஏன் இவ்வளவு பேச்சு?"

நாங்கள் செய்ததும் அதுதான்.

எந்த மென்பொருளிலும் இதே கதை

இது ஈ.ஆர்.பி.நெக்ஸ்டுக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. பெரிய நிறுவனங்கள் வைத்திருக்கும் எஸ்.ஏ.பி. மென்பொருளில் வாடிக்கையாளர் எழுதும் நிரல்களின் பெயர் இசட் அல்லது ஒய் என்ற எழுத்தில்தான் தொடங்கவேண்டும் என்று ஆரம்பத்திலிருந்தே வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய நிரலுக்கு நடுவே நம் வேலை ஓடவேண்டும் என்றால் அதற்கென்று விட்டுவைத்த வாசல்கள் உண்டு: யூசர் எக்ஸிட், பேடி. வாசலை விட்டுச் சுவரை உடைத்து உள்ளே போனவர்களுக்கு, ஒவ்வொரு அப்கிரேடின்போதும் தாங்கள் மாற்றிய இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, வைப்பதா விடுவதா என்று முடிவு செய்யும் வேலை காத்திருக்கும். அதற்கென்றே ஸ்பாவ் என்று ஒரு திரை இருக்கிறது. அதன் முன் இரவு முழுக்க உட்கார்ந்தவர்களுக்கு அந்தப் பெயர் மறக்காது. ஓடூ என்ற இன்னொரு ஈ.ஆர்.பி. மென்பொருளில் அந்த வாசலுக்குப் பெயர் இன்ஹெரிட். நம் ஊர்க் கடைகளில் அதிகம் பார்க்கிற டேலி என்ற கணக்கு மென்பொருளில் டி.டி.எல்.; அதிலும் நாம் எழுதும் கோப்பு தனியாகத்தான் இருக்கும், டேலி அதை ஏற்றிக்கொள்ளும். பெயர்கள்தான் வேறு.

ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் நிற்கும் ஃபிராப்பே தளத்தில் அந்த வாசலுக்குப் பெயர் ஹூக்ஸ். நமக்கென்று ஒரு புதிய ஆப் தொடங்கி, அதில் ஹூக்ஸ் என்ற கோப்பில், "டெலிவரி நோட்டை (சரக்கு அனுப்பும் சீட்டை) சேமிக்கும்போது என் சோதனையையும் ஓட்டு" என்று எழுதி வைத்தால் போதும். மூலக் கோடில் ஓர் எழுத்தும் மாறாது. புதிய கட்டம் வேண்டுமா? கஸ்டம் ஃபீல்ட். இருக்கும் கட்டத்தை மறைக்கவோ கட்டாயமாக்கவோ வேண்டுமா? பிராப்பர்ட்டி செட்டர். இவற்றை ஃபிக்ஸ்சர் என்று நம் ஆப்போடு சேர்த்து வைத்துக்கொண்டால், சர்வர் மாறினாலும் கூடவே வந்துவிடும்.

பட்டறையில் மூன்று நாள்

கம்ப்யூட்டரை மூடிவிட்டு ஆத்தங்குடிக்குப் போனோம். இந்த வேலையில் நாங்கள் செய்த சரியான காரியம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன்.

ஆத்தங்குடிக் கல் என்கிற இந்த டைல்ஸைச் சூளையில் வைப்பதில்லை. கண்ணாடிச் சட்டத்தின்மேல் இரும்பு அச்சை வைத்து, அச்சின் ஒவ்வொரு அறையிலும் வண்ணச் சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை மெல்லத் தூக்கினால் பூ நிற்கும். அதன்மேல் சிமெண்டும் மணலும் கலந்த உலர்ந்த தூள், அப்புறம் ஈரக் கலவை, பிறகு அழுத்திச் சமன் செய்வது. ஒரு நாள் காயவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறவைத்து, மறுபடி காயவைப்பார்கள். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது.

மேஸ்திரி ஒரு தொட்டியின் விளிம்பைக் காட்டினார். சாக்பீஸில் ஒரு தேதியும் ஓர் எண்ணும்.

"இது என்ன நம்பருங்க?"

"கலவை நம்பர் தம்பி. ஒரு கலவையில வந்த சிவப்பு அடுத்த கலவையில வராது. என்னதான் அளந்து போட்டாலும் ஒரு பொட்டு மாறும். தனித்தனியாப் பாத்தா தெரியாது. ஒரே ஹால்ல பக்கத்துல பக்கத்துல ஒட்டினா மறுநாளே போன் வரும்."

மென்பொருளில் பேட்ச் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அது இந்தச் சாக்பீஸ் எண்தான். முன்பு எழுதிய கோடு, பழைய பேட்சிலிருந்து எடு, போதாவிட்டால் அடுத்த பேட்சில் மீதியை எடு என்று தானாகவே பிரித்துக்கொண்டிருந்தது. மருந்துக் கடைக்கு அது சரியான விதி. டைல்ஸுக்கு அதைவிடத் தவறான விதி இருக்க முடியாது. யாரிடமும் கேட்காமல் இரண்டு சிவப்பை ஒரே லாரியில் ஏற்றி அனுப்பியிருக்கிறது. கேரளத்தில் ஒரு வீட்டுக்குப் போன கல் அப்படித்தான் திரும்பி வந்தது என்று மேஸ்திரி சொன்னபோது அவர் குரல் தாழ்ந்துபோனது. கையால் ஒவ்வொன்றாகச் செய்த கல் அது.

சதுர அடிக் கணக்கு

பத்து அங்குலக் கல் என்றால் ஒரு சதுர அடிக்கு 1.44 கல், மிச்சமில்லாமல். 144-ஐ 100-ஆல் வகுத்தால் வருவது. பழைய கோடு இதைத் தலைகீழாக, ஒரு கல் 0.69 சதுர அடி என்று வைத்திருந்தது. உண்மையில் அது 0.6944 என்று முடியாமல் நீளும். இரண்டு இலக்கத்தோடு வெட்டியிருந்தார்கள். 2,000 சதுர அடி ஆர்டருக்கு வேண்டியது 2,880 கல். 0.69-ஆல் வகுத்தால் 2,899. பத்தொன்பது கல் கூடுதல். ஆர்டருக்கு ஆர்டர் இப்படி. கிடங்கில் எண்ணினால் ஒன்று, கணக்கில் ஒன்று என்று இரண்டு வருடமாக வந்துகொண்டிருந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி இதுதான். கிடங்குப் பையனைச் சந்தேகப்பட்டதும் உண்டு என்று அண்ணன் பிறகு வருத்தத்தோடு சொன்னார்.

இதற்குக் கோடே தேவைப்படவில்லை. சரக்கின் அடிப்படை அலகைக் 'கல்' என்று ஆக்கி, விற்பனை அலகு சதுர அடி, பெருக்கும் எண் 1.44 என்று செட்டிங்கில் போட்டோம். எட்டு அங்குலத்துக்கு 2.25. பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒன்றுக்கு ஒன்று.

ஒரே ஒரு முடிச்சு மிஞ்சியது. 101 சதுர அடி என்று ஆர்டர் வந்தால் 145.44 கல் ஆகும். 0.44 கல்லை யாரும் விற்பதில்லை. கல் முழு எண்ணாகத்தான் இருக்கவேண்டும் என்று அலகில் ஒரு டிக் போடலாம். போட்டால் மென்பொருள் பில்லையே மறுத்துவிடும். இங்கேதான் முதல் துண்டுக் கோடு எழுதினோம். 145.44-ஐ 146-ஆக ஏற்றி, அதற்கு உரிய 101.39 சதுர அடியைத் திரும்ப எழுதி, விற்பவர் கண்ணுக்கும் காட்டும். இருபது வரிகூட இல்லை.

பதினான்கில் மூன்று

பதினான்கு மாற்றங்களையும் மேஜைமேல் விரித்துவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டோம். ஆறு வெறும் செட்டிங்கில் முடிந்தன. சிமெண்டின் 28 சதவீதம் வரி டெம்ப்ளேட்டுக்குப் போனது. தண்ணீர்த் தொட்டிகளை மென்பொருளில் கிடங்குகளாகவே பதிந்தோம். மூன்று, கஸ்டம் ஃபீல்டிலும் பில் அச்சு வடிவத்திலும் அடங்கின. இரண்டைக் கைவிட்டோம். மிச்சம் மூன்றுதான் உண்மையில் கோடு கேட்டவை: முழுக் கல் கணக்கு, ஒரே கலவை விதி, தொட்டி நாள் விதி.

தொட்டி நாள் விதி எளிது. தொட்டியிலிருந்து விற்பனைக் கிடங்குக்குக் கல்லை மாற்றும்போது, அந்தப் பேட்ச் உருவான தேதியிலிருந்து போதிய நாள் ஆகிவிட்டதா என்று பார்க்கும், ஆகாவிட்டால் விடாது. எத்தனை நாள் என்பதைக் கோடில் எழுதவில்லை. மழைக்காலத்தில் கூடும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். அதனால் ஒவ்வொரு கல் வகைக்கும் ஒரு கட்டம் வைத்து, அதை மாற்றும் அனுமதியை அவருக்கே கொடுத்தோம். தொழில் தெரிந்தவர் கையில் இருக்கவேண்டிய எண், கோடு எழுதுகிறவன் கையில் இருக்கக் கூடாது.

ஒரே கலவை விதிக்குத்தான் வாக்குவாதம் நடந்தது. ஒரு டெலிவரி நோட்டில் ஒரே கல் வகை இரண்டு பேட்சிலிருந்து வந்தால் சேமிக்க விடாமல் தடுப்பது என்பது எங்கள் எண்ணம்.

"தடுத்தா எப்படி தம்பி? வெளித் திண்ணைக்கு, மொட்டை மாடிக்குன்னு வாங்குறவுக கலந்தாலும் பரவாயில்லம்பாக."

"வெறும் எச்சரிக்கையா போட்டா யாரும் படிக்க மாட்டாங்க அண்ணே. ஓகே அமுக்கிட்டுப் போயிருவாங்க."

கடைசியில் அண்ணனின் மகள்தான் வழி சொன்னார். அழகப்பா பல்கலைக்கழகத்தில் எம்.காம். முடித்துவிட்டுக் கடைக் கணக்கைப் பார்ப்பவர். தடை இருக்கட்டும், 'வாடிக்கையாளர் சம்மதம்' என்று ஒரு டிக், அதோடு யார் எப்போது சம்மதித்தார் என்று எழுத ஒரு கட்டம். இரண்டும் இருந்தால் போகலாம், எழுதியது டெலிவரி நோட்டிலேயே அச்சாகும். அப்படியே செய்தோம். எங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டிய யோசனை அது.

கைவிட்ட இரண்டில் ஒன்று, யாருக்கும் காரணம் தெரியாத அந்த மாற்றம். இன்னொன்று, சமர்ப்பித்த பில்லைத் திருத்தும் வசதி. இது போனதில் கடையில் இருந்தவர்களுக்குக் கோபம். தவறான பில்லை ரத்து செய்து, அதன் திருத்தப் பதிப்பைப் புதிதாகப் போடவேண்டும். நான்கு கிளிக் கூடுதல். நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. இ-இன்வாய்ஸுக்கு அரசுத் தளத்திலிருந்து 64 எழுத்துள்ள ஐ.ஆர்.என். எண் வந்துவிட்ட பிறகு, நம் பக்கம் மட்டும் தொகையை மாற்றினால் இரண்டு கணக்கும் பொருந்தாது. அன்றும் ஆச்சிதான் கை கொடுத்தார். "எங்க அப்பா பேரேட்டுல அழிச்சு எழுத விடமாட்டாக. தப்புன்னா எதிர்ப்பதிவு போடு, ஏன்னு எழுதும்பாக."

ஜூலை கடைசி ஞாயிறு இரவு 14-ஆம் பதிப்புக்கு ஏறினோம். அதற்கு முன் சர்வரின் நகலில் மூன்று முறை ஏற்றிப் பார்த்திருந்தோம். இந்த முறை அப்டேட் கட்டளை தடுக்கவில்லை. ஆகஸ்ட் 1 காலை முதல் இ-இன்வாய்ஸ் க்யூ.ஆர். கோடோடு அச்சானது.

நாங்கள் செய்த தவறு

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. வெளியூரிலிருந்து ஒரு லாரி திரும்பி வந்தது. வழியில் உடைந்த கல்லும், அளவுக்கு மேல் போன கல்லுமாக. அதே வாடிக்கையாளருக்குச் சம்மதம் வாங்கி இரண்டு கலவை அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்ததிலும் இரண்டு கலவை. ரிட்டர்ன் பதிவு போட்டால், "ஒரே வகையில் இரண்டு பேட்ச் இருக்கிறது, சேமிக்க முடியாது" என்று எங்கள் சோதனை நிறுத்தியது. ஈ.ஆர்.பி.நெக்ஸ்டில் ரிட்டர்னும் டெலிவரி நோட்தான். அளவு மட்டும் கழித்தல் குறியோடு வரும், ரிட்டர்ன் என்று ஓர் அடையாளம் இருக்கும். அந்த அடையாளத்தைப் பார்க்கவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. அனுப்புவதை மட்டும் நினைத்து எழுதியிருந்தோம். கல் திரும்பியும் வரும் என்பதை மறந்துவிட்டோம்.

லாரி வாசலில் நிற்க, டிரைவர் காத்திருக்க, அன்று காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். திருத்தம் ஒரே வரி: ரிட்டர்ன் என்றால் சோதிக்காதே. ஆனால் அந்த ஒரு வரியோடு நிறுத்தவில்லை. ரிட்டர்ன், ரத்து, பகுதி டெலிவரி, மாதிரிக் கல் அனுப்புவது என்று கடையில் நடக்கும் ஒவ்வொரு வகைக்கும், நம் கோடு சரியாக நடக்கிறதா என்று தானாகவே ஓட்டிப் பார்க்கும் ஒரு டெஸ்ட் எழுதினோம். அந்தப் பட்டியலைச் சொன்னவர் கிடங்குப் பையன். முதலிலேயே அவனிடம் கேட்டிருக்கவேண்டும்.

15-க்குப் போனபோது

தனி அறையில் வைத்துவிட்டால் செலவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 15-ஆம் பதிப்பில் பேட்ச் எண்ணைச் சேமிக்கும் முறையையே மாற்றிவிட்டார்கள். முன்பு டெலிவரி நோட்டின் வரியிலேயே இருந்த பேட்ச் எண், இப்போது சீரியல் அண்ட் பேட்ச் பண்டில் என்ற தனி ஆவணத்தில் உட்கார்ந்துகொண்டது. வரியைப் பார்த்த எங்கள் சோதனைக்கு அங்கே எதுவும் அகப்படவில்லை. அகப்படாததால் எதையும் தடுக்கவும் இல்லை. அமைதியாக எல்லாவற்றையும் விட்டுவிட்டது. வெளியே தெரியாத தவறு, தெரியும் தவறைவிடப் பயங்கரமானது. மறுபடி இரண்டு சிவப்பு ஒரே லாரியில் போயிருக்கும்.

காட்டிக்கொடுத்தவை செப்டம்பரில் எழுதிய டெஸ்ட்டுகள். நகல் சர்வரிலேயே நான்கு டெஸ்ட் தோற்றன. ஒரு கோப்பில் ஒரு துண்டுக் கோடை மாற்றி எழுத ஒன்றரை நாள் ஆனது. பழையபடி பதினான்கு இடத்தில் சிதறிக் கிடந்திருந்தால் இதை எங்கே போய்த் தேடியிருப்போம் என்று இன்றும் யோசிப்பேன்.

2025 செப்டம்பர் 22 அன்று சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அன்று காலை பட்டறையிலிருந்து எங்களுக்குப் போன் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மதியம் நானே கூப்பிட்டேன். "அது காலையில கடை தொறக்கும்போதே மாத்தியாச்சு அண்ணா. டெம்ப்ளேட்லதானே இருக்கு" என்றார் அண்ணனின் மகள்.

எழுதாமல் விட்டது

ஒரு வேண்டுகோள் இன்னும் பாக்கி இருக்கிறது. கல் இறுகும் வரை கண்ணாடி அதோடேயே இருக்கும். ஆகவே கையில் எத்தனை கண்ணாடி இருக்கிறதோ அத்தனை கல்தான் ஒரு நாளில் போட முடியும். கண்ணாடிக்கும் கணக்கு வேண்டும், எத்தனை தொட்டியில், எத்தனை உடைந்தது, எத்தனை கையில் என்று அண்ணன் கேட்டார். எழுதலாம், பத்து நாள் வேலை.

மேஸ்திரியிடம் எப்படிக் கணக்கு வைக்கிறார் என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். ஒரு நாளைக்கு ஒரு வரி, மூன்று எண். காலையில் ஒரு தடவை எண்ணுவார், சாயங்காலம் ஒரு தடவை எழுதுவார். பிழை வந்தால் அடுத்த நாள் காலையிலேயே தெரிந்துவிடும், ஏனென்றால் கண்ணாடி கண்ணெதிரே அடுக்கி இருக்கிறது. அந்த எண் பில்லுக்கும் போவதில்லை, வரிக்கும் போவதில்லை, வேறு யாருக்கும் தேவைப்படுவதும் இல்லை.

அண்ணனிடம் அதைச் சொல்லி, இதற்கு இப்போது கோடு வேண்டாம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மேஸ்திரிக்கு ஒரு புது நோட்டு வாங்கிக் கொடுக்கச் சொன்னார்.